வண்டிக்கும் ஒரு பிரியாவிடை

மனிதருக்குப் பிரியாவிடை அளிக்கும் வழக்கத்தில் எமது யாழ்ப்பாணத்தார் எவருக்கும் இளைத்தவரல்லர். ஒரு கல்லூரி அதிபர் ஓய்வு பெறுகிறார் என்றால் மூன்று மாதங்களுக்கு முன்பே குழு அமைத்து, நிதி சேர்த்து, மேளதாளத்துடன் மண்டபத்திற்கு அழைத்து வந்து, மாலையிட்டு, பொன்னாடை போர்த்து, வாழ்த்துப்பா வாசித்து, ‘சேவைநயப்பு மலர்’ என ஒரு நூலும் வெளியிட்டு விடுவோம். அம்மலரிலே அவரிடம் குற்றமென்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இராது. அவரிடம் அடி வாங்கியவரும் அவ்வடியை அன்பின் அடையாளமென்றே எழுதுவர். நாமும் ஆசிரியத் தொழிலில் உள்ளோம் ஆதலின் இத்தகைய மலர்கள் பலவற்றிற்கு எழுதியதுண்டு. எமக்கும் ஒருநாள் யாரேனும் எழுதுவார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு.

ஆனால் ஒரு வண்டிக்குப் பிரியாவிடைப் பதிப்பு வெளியிட்ட கதையை நாம் சென்ற ஆண்டிலேதான் முதன்முதலாகக் கேட்டறிந்தோம்.

கொக்குவிலில் எமது பெரியப்பாவின் வளவிலே, மாமரத்தின் கீழ் ஒரு தகரக் கொட்டிலில், பழைய லாண்ட் றோவர் ஒன்று நின்றது. பெரியப்பா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பிள்ளைகள் மூவரும் கனடாவில். வண்டியை விற்றுவிடலாம் என்று அவர்கள் கூறியதன்மேல், கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் அதனைப் பார்க்க வந்தார். பழைய வாகனங்களை வாங்கிப் புதுப்பித்து வைத்திருப்பது அவருடைய பொழுதுபோக்காம். வண்டியை நாற்புறமும் சுற்றிப் பார்த்தார். அடியிலே படுத்துப் பார்த்தார். எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டு, தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இளம்பச்சை உடல், வெண்மையான கூரை, பளபளக்கும் முகம். “சேர், இது 2015 இல் வந்த கடைசிப் பதிப்பு. இந்த வண்டியையும் இதே நிறத்தில் செய்யப்போகிறேன்” என்றார்.

அவர் போனபின் நாம் அது பற்றித் தேடிப் படித்தோம். படித்ததை இங்கே சுருங்கச் சொல்லுவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்திலே றோவர் கம்பனியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பவர், அங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில், படையினர் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதுபட்டால் அதற்கு ஈடாக வேறு வண்டி கிடையாது என்பதை உணர்ந்து, 1947 இல், கடற்கரை மணலிலே குச்சியால் ஒரு புதிய வண்டியின் உருவத்தை வரைந்தார் என்பர். உருக்குக்குப் பங்கீடு இருந்த காலமாதலின், வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டினாற் செய்தனர். விமானங்களுக்கென வாங்கி எஞ்சிய பச்சை வர்ணத்தைப் பூசினர். 1948 ஏப்பிரல் 30 ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது அரங்கேறிற்று. இலங்கை சுதந்திரமடைந்ததும் அதே 1948 இல் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தாற் போதும் என்று எண்ணித் தொடங்கிய தொழில், அறுபத்தேழு ஆண்டுகளைக் கடந்து நடந்தது. 1990 இல் அதற்கு ‘டிபென்டர்’ என்று பெயரிட்டனர். 2008 இல் அக்கம்பனியே இந்தியாவின் ரற்றா நிறுவனத்தின் உடைமையாயிற்று.

புகை, பாதுகாப்பு ஆகியவை பற்றிய புதிய ஐரோப்பிய விதிகளுக்கு அப்பழைய உடல் இசையாது என்று கண்டபோது, உற்பத்தியை நிறுத்தத் தீர்மானித்தார்கள். வாளாவிருந்து நிறுத்தினார்களா? இல்லை. 2015 சனவரியிலே, வில்க்ஸ் படம் வரைந்த அதே ரெட் வார்ஃப் கடற்கரையில், ஆறு வண்டிகளை ஓட்டி ஒரு கிலோமீற்றர் நீளமான வண்டிச் சித்திரத்தை மணலிற் கீறிக் காட்டினர். ‘ஹெரிற்றேஜ்’, ‘அட்வெஞ்சர்’, ‘ஓட்டோபயோகிறபி’ என மூன்று சிறப்புப் பதிப்புகளை வெளியிட்டனர். மரபு, வீரச்செலவு, தன்வரலாறு என நாம் அவற்றைத் தமிழில் வழங்கலாம். மரபுப் பதிப்பிலே முதல் வண்டியின் பச்சை நிறத்தையும் அதன் இலக்கத்தையும் மீண்டும் பொறித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஏலமிடப்பட்ட இருபது இலட்சமாவது வண்டி, 4 இலட்சம் ஸ்ரேலிங் பவுணுக்குப் போயிற்று. 2016 சனவரி 29 ஆந் திகதி, சோலிஹல் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, பழைய தொழிலாளரும் புதிய தொழிலாளரும் கூடிநின்று வழியனுப்பினர்.

எமக்கு முதலில் நகைப்பே வந்தது. ‘பிரிகிறோம்’ என்று சொல்லி விலையை ஏற்றுவது வணிகர் சாதுரியம் அன்றோ? பிரியாவிடை முடிந்த பின்னும், எழுபதாம் ஆண்டு நிறைவு என்று 2018 இல் பழைய வண்டிகளிலே 150 ஐ எடுத்து, பெரிய எஞ்சின் பூட்டி, ஒவ்வொன்றும் 1½ இலட்சம் பவுணுக்கு மேலாக விற்றனர். 2019 இல் புதிய உடலோடு அதே பெயரில் வேறொரு வண்டியையும் அறிமுகஞ் செய்தனர். அது சுலோவாக்கியாவில் உருவாகின்றது. பிறேசில் நாட்டிலே, 2013 இல், வோக்ஸ்வாகன் கொம்பி வானின் கடைசிப் பதிப்பு 600 என அறிவித்தவர்கள், கேட்போர் பெருகியதும் 1,200 ஆக்கினார்கள். இத்தகைய விடைபெறுதல், வாசலில் நின்றபடியே ‘போய் வருகிறோம்’ என்று பத்து முறை சொல்லும் விருந்தாளியை நினைவூட்டுவதாகும்.

இஃது இவ்வாறிருக்க, விடை சொல்லப்படாமலே மறைந்த வண்டிகளும் உண்டு. மொறிஸ் ஒக்ஸ்போட் காரின் வழியிலே வந்த இந்திய அம்பாசடர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதம மந்திரி முதல் வாடகைச் சாரதி வரை எல்லோரையும் சுமந்தது. 2014 மே 24 ஆந் திகதி, உத்தர்பாராத் தொழிற்சாலையின் வாசலில் வேலை இடைநிறுத்த அறிவித்தல் ஒன்று தொங்கிற்று. அவ்வளவே. மாலையும் இல்லை, மலரும் இல்லை. காலையில் வேலைக்கு வந்த தொழிலாளர் அறிவித்தலைப் படித்துவிட்டு வீடு திரும்பினர். உலகில் நடைபெறும் பிரிவுகளிற் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதை நாம் தனித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. எமது வண்டிக்கு வருவோம்.

அது 1960களிற் செய்யப்பட்ட நீண்ட வகை லாண்ட் றோவர். முன்னும் பின்னும் சில்லுகளுக்கிடையே 109 அங்குலம். பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு நீள் இருக்கைகள். அரசாங்கத் திணைக்களம் ஒன்று கழித்த வண்டியைப் பெரியப்பா 1978 இல் ஏலத்தில் எடுத்தார். பரந்தனில் எமக்கு வயற்காணி இருந்தது. மாரியிலே வயற்பாதை சேறாகும்போது, மற்றை வாகனங்கள் தெருவில் நிற்க, இது நான்கு சில்லுகளாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு நெல்மூடைகளோடு மெல்ல மெல்ல ஏறி வரும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் வாகன இறக்குமதி இறுக்கப்பட்ட பின்னர், இருந்ததைப் பேணுவதே எமது ஊரின் கலையாயிற்று. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் பிறந்த நாட்டிலே அருகிய பின்னரும் எமது ஒழுங்கைகளில் ஓடியமைக்கு அதுவே காரணம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. எரிபொருள் உட்படப் பல பொருள்கள் குடாநாட்டிற்குள் வருதல் தடையாயிற்று. மின்சாரமும் இல்லை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்த காலம் அது. அப்போதுதான் எமது கராச்சுக்காரர் தமது திறமையைக் காட்டினர். பெற்றோல் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர்.

இதன் உட்பொருளை விஞ்ஞானம் பயிலும் மாணவர் அறிந்துகொள்வது நன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் ஒரு சிறு போத்தலில் வைத்த பெற்றோலைத் துளித்துளியாகக் காபரேற்றருக்குள் விட்டு, முதலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடேற்ற வேண்டும். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். புதுக் கார்களில் அழுத்தம் மிகுதியாதலின் மண்ணெண்ணெய் தட்டும், இடிக்கும். எமது லாண்ட் றோவரின் 2¼ லீற்றர் எஞ்சின், தரங்குறைந்த எரிபொருளையும் ஏற்கும்படி குறைந்த அழுத்தத்திற் செய்யப்பட்டது, எனவே பொறுத்துக்கொண்டது. ஆயினும் எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அதனாற் பெரியப்பா அடிக்கடி ஒயிலைக் கோலில் எடுத்து மணந்து பார்ப்பார். வண்டி போன வழியெல்லாம் வெண்புகை எழும். கலியாணம், பிரசவம், பாம்புக்கடி, பிரேதம் எதுவாயினும் ஊரார் எமது வீட்டுக் கேற்றைத் தட்டுவர். எந்நேரமும் அவர் மறுத்ததை நாம் கண்டதில்லை.

ஒரே ஒரு முறைதான் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற இயலாது போயிற்று.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் யாவரும் உடனடியாகத் தென்மராட்சிக்குப் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கிகள் அறிவித்தன. ஷெல் சத்தம் ஓயாது கேட்டது. மழையும் தூறிற்று. எமக்கு அப்போது வயது பதினைந்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தோம். எமது வீட்டாரும் அயலாரும் குழந்தைகளும் கிழவிகளுமாகப் பதினேழு பேர் வண்டியில் ஏறினர். அயல்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரும் அவருடைய மனைவியும் இருந்தனர். அவருக்கு ஒரு கால் இயலாது. எமக்குக் கையெழுத்துப் பழக்கியவர் அவரே.

வாத்தியார் கேற்றடியில் நின்று, “முதல்ல பிள்ளையளை ஏத்துங்கோ” என்றார்.

“ஐயா, இவையளை நாவற்குழி தாண்டி இறக்கிப்போட்டு விடியமுன்னம் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவன்” என்றார் பெரியப்பா.

வண்டி புறப்பட்டது. செம்மணி வெளியை அடைந்தபோதுதான் நிலைமை விளங்கிற்று. தெரு முழுதும் மக்கள். துவிச்சக்கர வண்டிகள், மாட்டு வண்டில்கள், லான்ட்மாஸ்ரர்கள், தலையிற் பெட்டி, இடுப்பிற் குழந்தை. இலட்சக்கணக்கானோர் ஒரே திசையில் நகர்ந்தனர். யாழ்ப்பாண நகரிலிருந்து சாவகச்சேரி ஏறத்தாழ 16 கிலோமீற்றர்தான். அதனைக் கடக்க எமக்கு மறுநாள் நண்பகலாயிற்று. வண்டியைத் திருப்ப ஒரு முழ இடமும் இல்லை. சாவகச்சேரியில் மண்ணெண்ணெயும் முடிந்தது. பெரியப்பா ஒரு துவிச்சக்கர வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு எதிர்த்திசையிற் போகப் பார்த்தார். ஆற்றுவெள்ளத்தை எதிர்த்து நடப்பதுபோல் இருந்தது. இருட்டியபின் தனியே திரும்பி வந்தார்.

ஒன்பது நாள்கள் கழித்து, கொடிகாமத்தில் அகதிகள் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் வாத்தியாரையும் மனைவியையும் கண்டுபிடித்தோம். யாரோ ஒரு புண்ணியவான் தள்ளுவண்டிலில் ஏற்றி வந்திருந்தார். வாத்தியாருக்குக் காய்ச்சல். பெரியப்பாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “நீர் வருவீர் எண்டு விடியுமட்டும் கேற்றைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தனான், தம்பி” என்றார். குற்றஞ் சாட்டிச் சொல்லவில்லை; தாம் நம்பியிருந்ததைத் தெரிவிப்பதாகவே சொன்னார். அது பெரியப்பாவுக்கு இன்னும் கொடிதாயிற்று. மார்கழியில் அப்பாடசாலையிலேயே வாத்தியார் கண்ணை மூடினார்.

1996 இல் மக்கள் வலிகாமத்திற்குத் திரும்பியபோது நாமும் வீடு திரும்பினோம். பெரியப்பா பின்னர் அவ்வண்டியைத் தெருவில் ஓட்டியது குறைவு. ஆனால் விற்கவும் இல்லை. நல்ல விலை கேட்டு வந்தவர்களுக்கு, “பாப்பம்” என்று மட்டும் சொல்லுவார். அவர் மனத்தில் இருந்தது வாத்தியாருக்குக் கொடுத்த வாக்கு என்று குடும்பத்தார் அனைவரும் அறிவர்.

எமக்கு மட்டும் வேறொன்றும் தெரியும். அன்றிரவு எல்லோரும் ஏறுகின்ற அவசரத்திலே, இருட்டில், எமது புத்தகங்கள் நிறைந்த றங்குப் பெட்டியை இழுத்து வந்து, பின்புறத்தில் இரு இருக்கைகளுக்கும் நடுவே தள்ளிவிட்டோம். ‘உடுப்புப் பை ஒன்று மட்டும்’ என்பது கட்டளை. அதனை மீறியவர் நாம் ஒருவரே. அப்பெட்டி இருந்த இடத்தில் ஒரு கிழவரும் கிழவியும் நெருங்கி உட்கார்ந்திருக்கலாம். அப்புத்தகங்களைப் படித்தே நாம் பரீட்சையிற் சித்தியடைந்தோம், பட்டதாரியானோம், பிறர் பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஆசிரியருமானோம். முப்பதாண்டுகளாக இதனை நாம் எவருக்கும் கூறியதில்லை.

கொழும்பு இளைஞர் சொன்ன விலை பெரிது. பழைய டிபென்டரின் உற்பத்தி நின்றதால் உலகெங்கும் இவ்வண்டிகளின் மதிப்பு ஏறிற்று. இலங்கையில் 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததும் பழையனவற்றின் விலையை உயர்த்திற்று. பெரியம்மா உடன்பட்டார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்.

“விக்கிறதெண்டால் வில்லுங்கோ. அதுக்கு முன்னம் ஒருக்கால் கொடிகாமம் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

கராச்சுக்காரர் வந்து இரண்டு கிழமை வேலை செய்தார். அவர் வண்டியின் உடலைத் தட்டிக் காட்டி, “இது அலுமினியம், ஐயா. கடற்காத்து எவ்வளவு பட்டாலும் கறள் பிடியாது” என்றார். பின்பு அடியிலே படுத்து, சட்டத்தை ஒரு திருப்புளியாற் குத்தினார். இரும்பு பொரியாய் உதிர்ந்தது. “எல்லாம் உள்ளாலைதான் போயிருக்குது” என்றார். ஒட்டுப் போட்டு ஓரளவு சரிசெய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைபிடியைச் சுழற்றியதும் வண்டி இருமி, உதறி, உயிர் பெற்றது. நாமே ஓட்டினோம். பெரியம்மா முன் இருக்கையில். பின்னே வர விரும்பிய அயற்பிள்ளைகளை அவர் ஏற்றவில்லை. “பின்னுக்கு இடம் இருக்கட்டும்” என்றார். அன்று பதினான்கு மணிநேரத்திற்கு மேல் ஊர்ந்த வழியை, நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி, மீசாலை எனக் கடந்து ஒரு மணிநேரத்திற் சென்றடைந்தோம். அப்பாடசாலை புதுக் கட்டடத்தோடு நின்றது. விடுமுறையாதலின் ஆளில்லை. பெரியம்மா வாசலில் இறங்கி, கைகூப்பிச் சற்று நேரம் நின்றார்.

அங்கேதான் நாம் றங்குப் பெட்டியின் கதையைச் சொன்னோம். சொல்லி முடிக்குமுன் நா உலர்ந்துவிட்டது.

பெரியம்மா வியப்படையவில்லை. “எனக்குத் தெரியும், தம்பி. பெரியப்பா கண்டவர். நான், இறக்கி வைப்பம் எண்டு சொன்னனான். ‘வேண்டாம், பொடியன் சோதினை எடுக்கப்போறவன். நான்தானே திரும்பி வரப்போறன்’ எண்டு சொன்னவர். அதுதான் அவற்றை மனசிலை கிடந்தது. உனக்குத் தெரிஞ்சால் நீ புத்தகத்தைத் தொடமாட்டாய் எண்டு என்னையும் சொல்லவேண்டாம் எண்டவர்.”

நாம் மறைத்து வைத்தோம் என்று எண்ணியிருந்ததை, எமக்காக அவர் மறைத்து வைத்திருந்தார். கொடுத்த வாக்குத் தவறியதென்ற பழியை ஊரறியத் தாமே சுமந்ததும், வண்டியை விற்காது கண்முன்னே நிறுத்தி வைத்ததும் எதன்பொருட்டு என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. நன்றி சொல்ல ஆளில்லை. வண்டிதான் நின்றது.

சோலிஹல் தொழிற்சாலையின் விழாவை எண்ணி நாம் நகைத்தது தவறு என்று இப்போது தோன்றுகிறது. அதிலே வணிகம் உண்டு, மெய்தான். ஆயினும் ஒன்றோடு பழகியவர்கள், அது போகுமுன் கூடிநின்று, தாம் கண்டதையும் செய்ததையும் சொல்லிக்கொள்ள ஒருநாள் வேண்டும். சேவைநயப்பு மலர்களில் நாம் நல்லதை மட்டும் எழுதுகிறோம். சொல்லாமல் விட்டதையும் சொல்லும் நாளே மெய்யான பிரியாவிடை போலும். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பழைய பொருள் ஏதேனும் ஒரு மூலையிற் கிடக்குமாயின், அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று பெரியோரிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

மறுவாரம் இளைஞர் ஒரு லொறியோடு வந்தார். பெரியம்மா வண்டியின் முகப்பிலே திருநீறு பூசி, ஒரு பூ வைத்தார். “என்ன நிறமெண்டாலும் அடியுங்கோ, தம்பி. பின் சீற்றை மட்டும் கழட்டாதையுங்கோ” என்றார். இளைஞர் காரணம் கேட்காமலே தலையசைத்தார்.

லொறி ஒழுங்கையைக் கடந்து பிரதான வீதியில் மறைந்தது. நாம் கேற்றைச் சாத்தப் போனோம்.

“கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும், தம்பி” என்றார் பெரியம்மா.